நியூட்ரலில் மிச்சமான டீசல்

போன இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘விளைந்த காய்கறியை நானே சந்தைக்குக் கொண்டுபோக ஒரு சின்ன லோடு வண்டி வாங்கலாம் என்றிருக்கிறேன். பெட்ரோல் வாங்கலாமா, டீசல் வாங்கலாமா? எது அதிக மைலேஜ் கொடுக்கும்?’

கொடுத்திருந்த பதிலில் தவறில்லை. ஆனால், நாலு வரியில் முடிகிற சங்கதி இல்லை இது. இதே கேள்வியை 2010-ல் நானும் பத்துப் பேரிடம் கேட்டேன். பத்துப் பேரும் பதில் சொன்னார்கள். கேள்வியே கோளாறு என்று ஒருவரும் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தாளவாடிப் பக்கம் நாலு ஏக்கர். முட்டைக்கோஸ், பீட்ரூட், பூண்டு, நடுவில் தக்காளி. சந்தை என்றால் மேட்டுப்பாளையம். தோட்டத்திலிருந்து ஆசனூர், திம்பம் தாண்டி, 27 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி, பண்ணாரி வந்து, அங்கிருந்து சமவெளியில் போக வேண்டும். போக வர 180 கிலோமீட்டர். வாடகை வண்டிக்காரர் மூட்டைக் கணக்கில் வாங்குவார். கோஸ் விலை கிலோ 5 ரூபாய்க்கு விழுந்தாலும் வாடகை விழாது. இரண்டு பருவம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நாமே ஒரு வண்டி வாங்கிவிடலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம்.

அப்போது சின்ன வண்டி என்றாலே ‘சின்ன யானை’தான். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகுதான் முக்கால் டன் சுமைக்கு நாலு சக்கர வண்டி என்பதே எங்களைப் போன்றவர்கள் கைக்கு எட்டியது. 702 சி.சி., இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். நாங்கள் வாங்கியது செகண்ட் ஹேண்ட். விற்றவர் ‘லிட்டருக்கு 22 கண்டிப்பாக் கொடுக்குமுங்க’ என்று சத்தியம் பண்ணினார்.

எனக்குக் கணக்கு எழுதும் பழக்கம் உண்டு. பால் நோட்டு மாதிரி வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டேன். சத்தியமங்கலத்தில் ஒரே பங்க்கில், டேங்க் முட்ட நிரப்புவது. ஒரு நடை போய் வந்ததும் அதே பங்க்கில் மறுபடி முட்ட நிரப்புவது. எத்தனை லிட்டர் பிடிக்கிறதோ அதுதான் அந்த நடைக்குச் செலவான டீசல். மீட்டர் முள்ளைப் பார்த்தோ, 500 ரூபாய்க்குப் போட்டு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்தோ எடுக்கும் கணக்கை நம்ப வேண்டாம். பத்து நடைக்காவது எழுதிச் சராசரி பார்க்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்தது 22 இல்லை, 17. விற்றவர் பொய் சொன்னார் என்றும் சொல்ல மாட்டேன். அவர் சமவெளியில், கால் வண்டி பாரத்தோடு ஓட்டியவர்.

போக, வர தனித்தனியாக நிரப்பிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. சுமையோடு போகும்போது 90 கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர்தான் ஆனது. காலி வண்டி திரும்பி வர 6.1 லிட்டர். ஏற்றிய வண்டி குறைவாகக் குடிக்கிறது, காலி வண்டி அதிகம் குடிக்கிறது! பங்க்கில் நின்ற ஒருவர் நோட்டைப் பார்த்துவிட்டு, மாற்றி எழுதிவிட்டேன் என்று சிரித்தார். மாற்றி எழுதவில்லை. எங்கள் சுமை இறங்குகிறது. வெறும் வண்டிதான் ஏறுகிறது. மலைக்காரர்கள் வண்டி வாங்கப் போனால் ‘ஏத்தத்துல இழுக்குமா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். எங்கள் காய்கறியைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது, ‘இறக்கத்துல நிக்குமா?’ என்பது. அதை நான் கேட்கவில்லை.

இறங்கும் பாதையில் டீசலை இன்னும் மிச்சப்படுத்தலாம் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. யோசனை என்ன, எல்லா டிரைவர்களும் செய்வதுதான். “இறக்கத்துல கியரை எடுத்துட்டு நியூட்ரல்ல உடு. சும்மா உருண்டு போயிரும். நடைக்கு அரை லிட்டராவது மிஞ்சும்” என்று தம்பியிடம் சொன்னேன். அவன் முதலில் தயங்கினான். நான் அண்ணன், அதோடு நோட்டும் என் கையில் இருந்தது. கேட்டுக்கொண்டான்.

அதோடு நிற்கவில்லை. முக்கால் டன் வண்டியில் முக்கால் டன் ஏற்றினால் கட்டாது என்று இன்னொரு கணக்குப் போட்டேன். 12 மூட்டை ஏற்ற வேண்டிய இடத்தில் 20 மூட்டை ஏற்றினோம். எடைமேடைச் சீட்டு இன்னும் இருக்கிறது: சுமை மட்டும் 1,280 கிலோ. கிலோவுக்கு ஆகும் டீசல் செலவு பாதிக்குப் பாதி குறைந்ததாக நோட்டில் எழுதி, கீழே கோடு வேறு போட்டேன்.

2012-ல், ஒரு ஐப்பசி மாத விடியற்காலை. மழை விட்டிருந்தது. தம்பி மட்டும் வண்டியில். முக்கால்வாசி வளைவுகளை இறங்கிவிட்டான். லைனர் தீய்ந்த வாடை முதலிலேயே வந்திருக்கிறது. வழக்கமாக வருவதுதானே என்று விட்டிருக்கிறான். பிறகு பிரேக் பெடல் கீழே போக ஆரம்பித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்து அவன் சொன்னது இதுதான்: “மிதிச்சா பஞ்சு மாதிரி உள்ள போகுதுங்ணா. கியர்ல போடலாம்னா விழவே மாட்டேங்குது.”

விழாது. நியூட்ரலில் வேகம் பிடித்துவிட்ட வண்டியைத் திரும்ப இரண்டாவது கியருக்குக் கொண்டுவருவது அந்த நேரத்தில் நடக்கிற காரியமில்லை. இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை. எதிரில் லாரி வராத ஒரு நொடியில் மலைப்பக்கம் ஒடித்து ஓடைக் கல்லில் மோதி நிறுத்தினான். இடது மணிக்கட்டு எலும்பு இரண்டாக உடைந்தது. பிளேட் வைத்தார்கள். கோஸ் மூட்டைகள் இரண்டு வளைவுக்குச் சிதறிக் கிடந்தன. உயிர் போகவில்லை என்பதைத் தவிர அந்த நாளைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியின் மேல் குற்றமும் இல்லை. அது தாங்கும் என்று சொல்லியிருந்ததைப் போல ஒன்றே முக்கால் பங்கை அதன் தலையில் ஏற்றியது நான்.

வண்டியைச் சத்தியில் ஒரு பட்டறையில் விட்டிருந்தோம். அந்த மெக்கானிக்கிற்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எப்படி ஆனது என்று கேட்டார். சொன்னேன். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டோம் என்றதும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“எவஞ் சொன்னது மிச்சம்னு? நியூட்ரல்ல உட்டா இன்ஜின் அணையாம ஓடணுமே, அதுக்கு டீசல் குடிச்சுத்தான தீரும். கியர்ல உட்டு ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தீன்னா, சக்கரமே இன்ஜினைச் சுத்துது. பம்பு டீசலை மூடிரும். ஒரு சொட்டு போகாது. அதோட இன்ஜின் வண்டியைப் புடிச்சும் வைக்குது. ரெண்டும் ஓசி. நீ ரெண்டையும் உட்டுட்டுப் பிரேக்கைத் தேச்சிருக்கிற.”

அவர் சொன்னது அந்தக் காலத்துப் பம்பு இன்ஜினுக்கும் பொருந்தும்; கம்ப்யூட்டர் வைத்த இப்போதைய இன்ஜினுக்கும் பொருந்தும். சாவியையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம். பூஸ்டர் வைத்த பிரேக்கில், இன்ஜின் நின்றுவிட்டால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளும்.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். என் வீட்டுக்காரம்மா மாதம் இரண்டு முறை சத்தி ஆஸ்பத்திரிக்குத் தம்பியோடு வண்டியில் போவாள். இறக்கத்தில் வண்டி பறப்பது அவளுக்குப் பயம். அதனால் அண்ணி இருக்கும் நாட்களில் தம்பி கியரிலேயே இறக்குவான். இது எனக்குத் தெரியும். அந்த நாட்களில் டீசல் கூட ஆகுமே என்று மனதுக்குள் முனகியும் இருக்கிறேன். இப்போது அந்த நாட்களின் கணக்கைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். 10.5 லிட்டர், 10.7, 10.6, 10.5. நியூட்ரலில் விட்ட நாட்களின் சராசரி 10.6.

இரண்டு வருடமாக என் நோட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் மறுபடி வாடகை வண்டிதான். 2016-ல் இப்போது இருக்கும் வண்டியை வாங்கினோம். இந்த முறை ஷோரூமுக்குப் போகும் முன்பு மற்றவர்களின் வண்டிகளில் நோட்டோடு ஏறினேன். மச்சான் பின்னால் வாங்கிய பெட்ரோல் வண்டியையும் இப்படியே பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் அந்த வாசகருக்காக இங்கே எழுதுகிறேன். எல்லாம் எங்கள் ரோட்டில், 180 கிலோமீட்டர் நடைக்கு, கம்பெனி சொன்ன சுமை மட்டும் ஏற்றி எடுத்தது. டீசல் லிட்டர் 93 ரூபாய், பெட்ரோல் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்; உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பழைய இரண்டு சிலிண்டர் டீசல், 750 கிலோ: லிட்டருக்கு 17. நடைக்கு 985 ரூபாய். கிலோவுக்கு 1 ரூபாய் 31 காசு. மச்சானின் சின்ன பெட்ரோல் வண்டி, அதே 750 கிலோ: லிட்டருக்கு பதின்மூன்றரை. 1,347 ரூபாய். கிலோவுக்கு 1 ரூபாய் 80 காசு. ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர் டீசல், 1,250 கிலோ: லிட்டருக்கு 13. 1,288 ரூபாய். கிலோவுக்கு 1 ரூபாய் 3 காசு. பங்காளியின் இரண்டரை லிட்டர் நாலு சிலிண்டர் பிக்கப், ஒன்றரை டன்: லிட்டருக்கு பத்தரை. 1,594 ரூபாய். கிலோவுக்கு 1 ரூபாய் 6 காசு.

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்த்தால் முதல் வண்டிதான் ராஜா, பிக்கப்தான் டீசல் திருடன். கிலோவுக்கு எவ்வளவு என்று பார்த்தால் தலைகீழ். 13 கொடுக்கும் வண்டி 17 கொடுக்கும் வண்டியை விடச் சிக்கனம்.

இதைப் படித்துவிட்டு உடனே பெரிய வண்டிக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். சுமை நிரம்பினால்தான் இந்தக் கணக்கு. அதே மூன்று சிலிண்டர் வண்டியில் 600 கிலோ மட்டும் ஏற்றிப் போன நாட்களில் மைலேஜ் பதினாலரைக்கு ஏறியது. ஆனால் கிலோவுக்கு 1 ரூபாய் 92 காசு ஆனது. சின்ன டீசல் வண்டியில் அதே 600 கிலோவை 1 ரூபாய் 55 காசுக்குக் கொண்டுபோயிருக்கலாம். எங்கள் நாலு ஏக்கர் ஒரு நடைக்கு 1,250 கிலோ எப்போதும் கொடுக்காது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். முன்தினம் சாயங்காலமே யாருக்கு எத்தனை மூட்டை என்று பேசிவிடுவோம். டீசல் செலவும் தேய்மானமும் மூட்டைக் கணக்கில் பிரியும். அவர்கள் சேராவிட்டால் இந்த வண்டியை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

இழுவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷோரூமில் குதிரைத்திறனைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். 35 குதிரைத்திறன் டிராக்டர் கலப்பையை இழுக்கிறது. அதே 35 குதிரைத்திறன் உள்ள சின்னக் காரில் கலப்பையைக் கட்டினால் நகருமா? இன்ஜின் எவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது எவ்வளவு முறுக்கு கொடுக்கிறது என்பதில் இருக்கிறது விஷயம். அந்த முறுக்குவிசையை நியூட்டன் மீட்டர் என்ற அளவில் கொடுத்திருப்பார்கள். பழைய சின்ன யானை இன்ஜினுக்கு அது 38 அளவில் இருந்தது. 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தின் மூன்று சிலிண்டர் டர்போ இன்ஜினுக்கு ஏறத்தாழ 157. நாலு மடங்கு. சுமையோ இரண்டு மடங்குகூட இல்லை. அதனால்தான் இந்த மாதிரி வண்டிகள் வளைவில் திணறாமல் ஏறுகின்றன.

சின்ன பெட்ரோல் இன்ஜின் ஏறாது என்று சொல்லவில்லை. மச்சான் வண்டி ஏறுகிறது. ஆனால், அதைக் கதற விட்டால்தான் ஏறும். கதறக் கதறப் பெட்ரோலும் குடிக்கும். திரும்பி வரும்போது காம்ப்ளக்ஸ் உரம் பத்து மூட்டை ஏற்றி வந்தால் எங்கள் வண்டிக்கு அரை லிட்டர் கூட ஆகிறது. மச்சானுக்கு ஒன்றேகால் லிட்டர்.

அப்படியானால் மச்சான் ஏமாந்தாரா? இல்லை. சின்ன வண்டியிலேயே டீசலுக்கும் பெட்ரோலுக்கும் விலை வித்தியாசம் 1,30,000 ரூபாய் என்று வைப்போம். எங்கள் ரோட்டில் நடைக்கு 362 ரூபாய் எரிபொருளில் மிச்சம். அந்த 1,30,000 திரும்பி வர 359 நடை ஓட வேண்டும். வருடம் 100 நடை போகிறவருக்கு மூன்றரை வருடத்துக்கு மேல். 40 நடை போகிறவருக்கு ஒன்பது வருடம். மச்சான் ஓட்டுவது 35 நடைதான். மீதி நாளெல்லாம் ஊருக்குள் மாட்டுத்தீவனம், தண்ணீர் கேன் என்று எட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டம். அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல்தான் சரி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர, வண்டி சூடாகி, நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே ஐந்து கிலோமீட்டர் ஓட்டி அணைத்து, மறுபடி ஐந்து ஓட்டி அணைத்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். விளக்கு எரியும், இழுவை குறையும், சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதான். பங்காளியின் மருமகன் இதற்கு ஒரு பருவத்தில் இரண்டு முறை செலவழித்தார். விளக்கு எரிந்தால் பயந்து அணைக்காமல், பண்ணாரியிலிருந்து புளியம்பட்டி வரை ஒரே மூச்சில் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தார். புத்தகத்தில் போட்டிருந்ததாம்.

சி.என்.ஜி. வண்டி பார்க்கிறவர்கள், சிலிண்டரின் எடை சுமையில் கழியும் என்பதையும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதிக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நின்று எரியும் டீசலையும் எழுத வேண்டும். காரப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் கரும்பு லாரிக்காக நிஜ யானைகள் ரோட்டில் வந்து நிற்கும். அவை நகரும் வரை எங்கள் சின்ன யானைகள் எல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். அவசரத்துக்குப் பின்னால் எடுக்க வேண்டுமே என்று யாரும் இன்ஜினை அணைப்பதில்லை, நானும் அணைப்பதில்லை. ஒரு மணி நேரம் நின்றால் அரை லிட்டர் போய்விடும். இது மைலேஜ் கணக்கில் சேருமா, வனவிலங்கு சேதாரத்தில் சேருமா என்று தம்பி கேட்பான்.

சுமை விஷயத்தில் இப்போது நாங்கள் சீட்டைத் தாண்டுவதில்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதமே 20,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. கூடுதல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 தனி. பத்து நடையின் டீசல் காசு ஒரே சீட்டில் போய்விடும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து நாங்கள் நிறுத்தவில்லை.

திம்பம் உச்சியில், இறங்குவதற்கு முன் தம்பி வண்டியை ஓரம் கட்டுவான். நாலு டயரையும் தட்டிப் பார்ப்பான். பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்துவிட்டு இரண்டாவது கியரில் போட்டு விடுவான். பண்ணாரி வரை அந்தக் கியரை மாற்றுவது அபூர்வம். மார்கழி, தை குளிரில் பிளேட் வைத்த கை வலியெடுத்துக் கியர் போட வராது. அந்த இரண்டு மாதமும் வண்டியை நான் ஓட்டுகிறேன். நோட்டை அவன் எழுதுகிறான்.